எல்லா ஆடும்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே அந்தக் கோபத்தை வளர்த்துவிட்டவர்களும் அவர்கள்தான். அப்படிப்பட்டவளை, ஊர் மக்களோடு பக்குவமாகப் பேசிப் பழகும் வேலைக்கு ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது என்றால், இன்டர்வியூவில் நான் எம்புட்டு நடித்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். எழுமலைப் பக்கம் மழையை நம்பிக் கிடந்த மானாவாரி நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெரிய பண்ணை ஒன்றைக் கம்பெனி அமைத்துக்கொண்டிருந்தது. நிலம் ஊர்க்காரர்களுடையது, பேனல்கள் கம்பெனியுடையது. காவல் வேலையும் பேனல் கழுவும் வேலையும் ஊர்க்காரர்களுக்கே என்று பேச்சு. கம்பெனி சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதைக் கம்பெனிக்கும் எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டும். அது நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதற்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

விளாங்குடியில் எங்கள் தெருவில் இது யாருக்கும் விளங்கவில்லை. நான் வெந்நீர் போடும் சோலார் ஹீட்டர் விற்கிறேன் என்றே எல்லோரும் நம்பினார்கள். எதிர்வீட்டு அக்கா பார்க்கும்போதெல்லாம், "எங்க மாடிக்கும் ஒண்ணு தள்ளுபடியில தள்ளிவிடேன்" என்பார். ஊரளவு பெரிய மின்சாரப் பண்ணை அக்கா, மாடியில் வைக்க முடியாது என்று ஒருநாள் நின்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிடி, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

தினமும் காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து எழுமலையில் இறங்குவேன். அங்கிருந்து கம்பெனி ஜீப். ஊரில் முதல் சிக்கல் 'பார்க்' என்ற சொல்லில் வந்தது. சாலையோரம் சோலார் பார்க் என்று பெரிய பலகை வைத்துவிட்டார்கள். பார்க் என்றால் பூங்கா என்று எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும். ஊஞ்சல் எத்தனை வரும் என்று பெண்கள் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் உண்டா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாக்கிங் பாதை வச்சுருவீகள்ல? டாக்டரு நடக்கச் சொல்லிருக்காரு" என்றார். ஊஞ்சலும் கிடையாது, சறுக்கும் கிடையாது என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். எதுவும் இல்லாத இடத்துக்கு எதற்குப் பார்க் என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

எங்கள் மேனேஜர் ஹைதராபாத்காரர். தங்கமான மனிதர், சாப்பாட்டுப் பிரியர். அவர் தமிழ் கற்றது முழுக்க மதுரை ஓட்டல்களில். கறிதோசை, கொத்துப் புரோட்டா, ஆட்டுக்கால் சூப்பு, சால்னா என்று பெயர்ச்சொற்கள் சுத்தமாக வரும். வினைச்சொற்களில் சாப்பிடு, ஊத்து, வை, போதும் என்று கொஞ்சம்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அவரிடம் பார்த்தேன். கான்கிரீட் லாரிக்காரரிடம், "இங்கே ஊத்து, இன்னும் கொஞ்சம் ஊத்து, போதும்" என்பார். வேலை பிசகாமல் நடக்கும்.

வேலி போடுவதற்கு முன் ஊரில் கூட்டம் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஊர் கூடிப் பேசும் பொட்டலுக்கு மந்தை என்று பெயர். ஆட்டுக் கூட்டத்துக்கும் அதே பெயர்தான். மந்தையில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை யாரும் மாற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பத்திரத்தில் எழுதினதைக்கூடப் பேசித் திருத்தலாம், மந்தையில் சொன்னதைத் திருத்த முடியாது. கூட்டத்தை நடத்தியவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். மைக் அவருடைய மச்சினன் கடையிலிருந்து வந்தது. அதனால் அதைக் கையைவிட்டுத் தரவே அவருக்கு மனமில்லை. யார் பேசி முடித்தாலும் வாங்கி ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார்.

குத்தகை, வேலை எல்லாம் பேசி முடிந்த பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "வேலியப் போட்டு அடச்சுட்டீகன்னா எங்க ஆடு எங்கிட்டுப் போயி மேயும்?"

கேட்டவர் நாற்பது தாண்டிய பெண். அவருக்கு நிலம் கிடையாது, அதனால் குத்தகையில் பங்கும் கிடையாது. திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். இந்தப் பெண்ணிடம் இருந்ததெல்லாம் ஆடுகளும், மதுரையில் நர்சிங் படிக்கும் ஒரு மகளும்தான். அந்த ஆடுகள் இத்தனை வருஷமும் மேய்ந்தது இப்போது வேலிக்குள் போகிற நிலத்தில். நியாயமான கேள்வி. கூட்டம் அப்படியே அவர் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்கு மேனேஜரிடம் பதில் இருந்தது. பேனல்களுக்கு நடுவில் புல் முளைக்கும். காய்ந்தால் தீப்பிடிக்கும். மிஷின் வைத்து வெட்டினால் கல் தெறித்துக் கண்ணாடி உடையும். ஆடு மேய்ந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. வேறு ஊர்ப் பண்ணைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இதை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னால் நான் மைக்கில் சொல்லியிருப்பேன். ஆனால் நல்ல செய்தியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பெரியவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். வேலி உள்ளே ஆடு சாப்பிடலாம்!"

மந்தையில் விசில் பறந்தது. "எத்தன கெடா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "கறிக்குச் சோறா, புரோட்டாவா?" என்று இன்னொருவர். மேனேஜருக்குப் புரோட்டா மட்டும் காதில் விழுந்தது. அதுவும் நல்ல செய்திதான் என்று சிரித்துத் தலையாட்டினார்.

நான் பாய்ந்து மைக்கை வாங்கினேன். "கெடா வெட்டெல்லாம் இல்ல. ஆட்டை நாம சாப்பிடுறதப் பத்தி சார் சொல்லல. ஆடு புல்லச் சாப்பிடலாம்னு சொல்றாரு. உங்க ஆடுக வேலிக்குள்ள வந்து மேயலாம்."

ஆண்களில் பாதிப் பேர் முகம் தொங்கிப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆட்டுக்காரப் பெண் மட்டும் உட்காரவில்லை. "என் ஆடுமா?" என்றார்.

'எல்லா' என்ற சொல் மேனேஜருக்குத் தெரியும். "எல்லா ஆடும்!" என்று கையை விரித்தார்.

அந்தப் பெண் உட்கார்ந்தார். பெரியவர் மைக்கை ஊதிவிட்டு, "மந்தையில சொல்லியாச்சு. இனி ஒரு பய மாத்த முடியாது" என்று சொல்லி, மேனேஜர் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். அதைக் கழற்றாமலேயே அவர் மதுரை வரை வந்தார்.

வேலி வந்தது, பேனல்கள் வந்தன. ஐப்பசி மழையில் புல் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. ஆடுகளை உள்ளே விடும் நாளைத் தலைமை அலுவலகம் ஒரு விழாவாகவே கொண்டாடச் சொன்னது. ஊரும் கம்பெனியும் கூட்டாகச் செய்யும் காரியம், படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். மேனேஜர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

முதலில் ஊர்க்காரர்களின் செம்மறிகள் போயின. குனிந்த தலை நிமிராமல், அடக்க ஒடுக்கமாக, புல்லைத் தவிர வேறெதையும் பார்க்காமல் மேய்ந்தன. மேனேஜருக்கு ஆனந்தம். அடுத்து ஆட்டுக்காரப் பெண்ணின் ஆடுகள் வந்தன. அத்தனையும் வெள்ளாடு. கறுப்பும் பழுப்புமாய், தாடி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குள் நுழையும் மாப்பிள்ளையின் தோழர்கள் போல வந்தன. அவை புல்லைப் பார்க்கவில்லை. பேனலைப் பார்த்தன.

சரிந்த பேனல் என்பது வெள்ளாட்டுக்கு ஒரு பாறை. பாறை என்றால் ஏறத்தான் வேண்டும். முன்னால் வந்தது ஒரே தாவில் மேலே நின்றது. அடுத்தடுத்து மற்றவையும் ஏறின.

மேனேஜர், "கோட்! கோட்!" என்று ஆங்கிலத்தில் அலறினார்.

"கோட்டா? இந்த வெயில்ல எதுக்குக் கோட்டு?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் ஓடினார். "ஏ ஹாஸ்டலு! எறங்குடீ கீழ! பரீட்ச, நீயுமா? யூனிபாரம் எங்கிட்டுடீ போச்சு?"

"ஹாஸ்டலா? நம் திட்டத்தில் ஹாஸ்டல் ஏது?" என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். ஓடிக்கொண்டே விளக்கினேன். மகளின் படிப்பில் எந்தச் செலவுக்கு எந்த ஆட்டை விற்பது என்று குட்டியிலேயே முடிவு செய்து, அந்தப் பெயரையே வைத்துவிடுவார் அந்த அம்மாள். அதற்குள் பரீட்சை, கண்ணாடியில் கால் நிற்காமல் மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டே வந்து புல்லில் விழுந்தது. எழுந்து திரும்ப ஏறப் போனது. அந்தப் பார்க்கில் சறுக்கு இல்லை என்று ஊருக்கெல்லாம் நான் சொன்னது பொய்யானது.

பேனல் ஒன்று விரிசல் விட்டது. காவலாளிகள் துரத்திய பிறகு வெள்ளாடுகள் வேலி ஓரம் போயின. அங்கே சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதன் நிழல் சாயங்காலத்தில் பேனல்மேல் விழுந்து மின்சாரத்தைக் குறைக்கிறது என்று வெட்டிக்கொண்டே இருந்தார்கள், அதுவும் வளர்ந்துகொண்டே இருந்தது. வெள்ளாடுகள் பின்னங்காலில் நின்று அதன் கொழுந்தையும் காயையும் உருவித் தின்றன.

விஷயம் பிறகுதான் தெளிந்தது. மேனேஜர் மனதில் இருந்தது செம்மறி. அவருடைய தெலுங்கில் செம்மறிக்கு ஒரு சொல், வெள்ளாட்டுக்கு வேறு சொல். நாமோ பொதுவாக இரண்டையும் ஆடு என்று சொல்லிவிடுவோம். அவர் குடித்த ஆட்டுக்கால் சூப்பு எதிலும் அது எந்த ஆட்டின் கால் என்று எழுதியிருக்கவில்லை. எனக்கும் ஆடு என்றால் கறிக்கடையில் தலைகீழாகத் தொங்குவதுதான். இது எந்த ஜாதி ஆடு என்று நான் ஒருநாளும் அதனிடம் கேட்டதில்லை.

விழாப் படங்களில், பேனல் உச்சியில் நின்று காமிராவைப் பார்த்த ஹாஸ்டலின் படம் எப்படியோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. மறுநாளே உத்தரவு வந்தது. செம்மறி மட்டும் உள்ளே வரலாம், வெள்ளாடு கூடாது, ஊருக்குச் சொல்லிவிடுங்கள். பெரியவரிடம் போனேன். "மந்தையில சொன்னத மந்தையிலதான் வந்து திருப்பி எடுக்கணும். அதுவும் சொன்ன வாயே சொல்லணும்" என்றார். மறுவாரம் கூட்டம் என்று முடிவானது.

ஆட்டுக்காரப் பெண்ணுக்கு இது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஜீப் அருகில் வந்து நின்றார். எனக்குப் பேனல் உடைந்த எரிச்சல் தீரவில்லை. "கண்ணாடி மேல ஏறி டான்ஸ் ஆடுனா கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா அக்கா?" என்று சீறினேன்.

"வெள்ளாடு ஏறாம ஆமையா ஏறும்?" என்றார் அவர். "அன்னைக்கு நான் மந்தையில மறிச்சு நின்னுருந்தா வேலி போட்டுருப்பீகளா? எல்லா ஆடும்னாரு. நம்பி உக்காந்தேன்."

"இதையெல்லாம் வித்துட்டுச் செம்மறி வாங்கிக்கங்களேன்."

"வெள்ளாடு ரெட்டக் குட்டி போடும். செம்மறி போடுறது ஒத்தக் குட்டி. எம் மக படிப்பு செம்மறி வேகத்துக்கு நிக்குமா ஏத்தா? கம்மாக்கரைப் பக்கம் பூராம் வெள்ளாமை. அங்கிட்டு விட்டா வெட்டுக் குத்துத்தான். மொத்தத்தையும் இப்பயே வித்தா இந்த வருசப் படிப்புக்குத்தான் காணும். அடுத்த வருசம் அவ வீட்டுக்கு வந்துருவா. வந்து என்ன செய்ய? எங்கூட நின்னு மேய்க்கவும் ஆடு இருக்காது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டிரைவரைத் திட்டினேன். பஸ்சில் காலை மிதித்தவரைத் திட்டினேன். வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா ஹீட்டரைப் பற்றி ஆரம்பித்தார், அவரையும் திட்டினேன். எதுவும் ஆறவில்லை. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும்.

கூட்டத்தன்று மேனேஜர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. மந்தையில் அவருக்குத் தமிழில் பேசத் துணிவில்லை. ஆங்கிலத்தில் சொல்கிறேன், நீங்கள் தமிழில் சொல்லுங்கள் என்றார். போனைப் பார்த்துத் தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். இரண்டே வரி. செம்மறிக்கு மட்டும் அனுமதி, வெள்ளாட்டுக்கு இல்லை. வருந்துகிறோம்.

மைக் என் கைக்கு வந்தது. ஆட்டுக்காரப் பெண் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அழவில்லை. என்ன வரப்போகிறது என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். இத்தனை வருஷமும் அது என்னை வம்பில்தான் மாட்டிவிட்டிருக்கிறது. அன்றைக்கு முதல்முறையாக என் பக்கம் நின்றது.

"சார் என்ன சொல்றார்னா," என்று ஆரம்பித்தேன், "மந்தையில சொன்ன சொல்லு மாறாதாம். எல்லா ஆடும் உள்ள வரலாம். செம்மறி பேனலுக்கு நடுவுல மேயட்டும். வெள்ளாடு வேலியோரமா கருவேலம் இருக்குற பாதையில மேயட்டும். கருவேலம் கொறஞ்சா கம்பெனிக்கும் நல்லது. பேனல் பக்கம் ஏறாம இருக்க, வேலி போட்டு மிஞ்சின கம்பிவலைய நடுவுல கட்டித் தருவாக."

பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். "சாரு ரெண்டு வார்த்ததான பேசுனாரு. நீ இம்புட்டுச் சொல்றியேத்தா?"

"இங்கிலீஷ் சுருக்கமான பாஷை அய்யா" என்றேன்.

பெரியவர் ஏமாறுகிற ஆள் இல்லை. மைக்கை என்னிடமிருந்து வாங்கி, ஊதிப் பார்த்து, மேனேஜரிடமே நீட்டினார். "சார், இந்தம்மா சொன்னது சரிதானா? நீங்க சொல்லுங்க."

'எல்லா ஆடும்' என்பது மேனேஜருடைய சொந்த வாக்கியம், அது அவருக்குப் புரியாமல் இருக்காது. வேலியும் கம்பிவலையும் தினமும் அவர் புழங்கும் சொற்கள். நான் செய்த காரியம் முழுக்க அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே இருந்தது. அவர் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் அன்றோடு என் வேலை போயிற்று. அந்தப் பெண்ணின் ஆடும் போயிற்று.

மேனேஜர் என்னைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்தார். மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார். தன்னிடம் இருந்த அத்தனை தமிழையும் கூட்டிச் சேர்த்தார்.

"செம்மறி நடுவுல வை," என்றார். "வெள்ளாடு ஓரமா வை. போதும்."

குலவைச் சத்தத்தில் மைக் கீச்சிட்டது.

ஜீப்பில் திரும்பும்போது, உசிலம்பட்டி தாண்டியதும் மேனேஜர், இனிமேல் நான் பேசுவது ஒரு வரி என்றால் நீங்களும் ஒரு வரிதான் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. தலைமை அலுவலகத்துக்கு அவரே பதில் எழுதினார். இது மந்தையில் முடிவான விஷயம், மாற்ற இயலாது என்று எழுதி, மந்தை என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டார். அங்கே யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஏதோ அரசாங்கத் துறை என்று நினைத்தார்களோ என்னவோ, துறையின் முடிவுப்படியே நடந்துகொள்ளவும் என்று பதில் வந்தது.

கம்பிவலை கட்டி முடித்த மறுநாள் காலையில் நான் போனபோது, வெள்ளாடுகள் வேலியோரம் பின்னங்காலில் நின்று கருவேலத்தை உருவிக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"ஆடு உள்ள போயிருச்சுடீ," என்று மகளிடம் சொன்னார். "ஆமா, எல்லாந்தான். நீ படி."

அவர் திரும்புவதற்குள், ஜீப்பை இவ்வளவு தள்ளியா நிறுத்துவது என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே அங்கிருந்து போய்விட்டேன்.